மூன்றாம் மாடியில் தேங்கிய தண்ணீர்

பாலிகஞ்ச் தெருவெல்லாம் காய்ந்து கிடந்த அந்தப் பூஜை வாரத்தில், மூன்றாம் மாடியில் ஸ்ரீனிவாசராகவன் வீட்டில் மட்டும் முழங்கால் தண்ணீர் நின்றது. இதய ஆபரேஷன் முடிந்து அவர் படுத்திருந்தார். மூன்று மாதம் அசையக்கூடாது, சத்தமே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவில் டாக்சி ஹார்ன் அடித்தால் சுவரிலிருந்து ஒரு ஸ்பூன் தண்ணீர் வழியும். மேல் வீட்டு சாதனா நாற்காலியை இழுத்தால் ஒரு டம்ளர். பக்கத்து வீட்டில் துளை போட்டால் ஒரு வாளி. சத்தமில்லாத நேரத்தில் வடியும்தான், அப்படியொரு நேரம் இந்த ஊரில் எங்கே வருகிறது? பிளம்பர் வந்து, குழாயில் கோளாறில்லை என்று சொல்லிவிட்டு, செல்போனில் பாட்டுப் போட்டுக்கொண்டே போனான். கீழ் வீட்டுக்கு ஒரு சொட்டும் ஒழுகவில்லை, ஆகவே யாருக்கும் அக்கறையுமில்லை. தண்ணீர் தேங்கினால் இங்கே எல்லாரும் செய்வதைத்தான் அவர் மனைவி மாதங்கியும் செய்தாள்: கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தாள்.

தப்பு அவள்மேலும் உண்டு. பழைய குடும்பம் என்ற மரியாதைக்காகப் பூஜை கிளப் பையன்கள் ஸ்பீக்கரை அவள் பால்கனியில் கட்ட வந்தபோது, வேண்டாமென்று சொல்ல நா எழவில்லை. மூன்று தலைமுறையாக இங்கே வங்காளிகள் நடுவே இருந்தும் வெளியூர்க்காரர் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். காபி போட்டுக் கொடுத்து, கொடிக்கயிற்றையும் எடுத்துத் தந்தாள். நாலே நாளில் தண்ணீர் மெத்தையைத் தொட்டது. நெஞ்சில் தையலோடு படுத்திருந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மன் சிலையைக் கரைக்கும் விசர்ஜன நாளன்று மாதங்கி தண்ணீரில் நடந்து பால்கனிக்குப் போய்க் கூப்பிட்டாள். கேட்கவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கத்தினாள். கிளப் செயலாளர் உத்தமன் ஓடிவந்து, ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, கீழே நின்று கைகூப்பினார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மாஷிமா!" என்றார், பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி.

அவள் திரும்பியபோது தண்ணீர் கட்டிலில் கிடந்த கணவர் காதுவரை வந்திருந்தது. அவள் கத்திய தண்ணீர் அது.

"போதும், மாது," என்றார் அவர் மெதுவாக. "இனிமே நீயும் கத்தாதே."

இப்போது கட்டில் கால் ஒன்றுக்குப் பதினொரு செங்கல். இருவரும் கைஜாடையில்தான் பேசிக்கொள்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்து, எப்படி இருக்கிறார் என்று உரக்க விசாரிக்கிறார்கள். மாதங்கி தலையாட்டிவிட்டு, அவர்கள் போனதும் அளந்து பார்க்கிறாள். தண்ணீருக்கும் அவர் மூக்குக்கும் நடுவே இன்று இரண்டு செங்கல் உயரம் இருக்கிறது.