எண்ணெய் இருந்தது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. திண்டுக்கல் தாடிக்கொம்பு ரோட்டில் இருபத்தெட்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். டூ ஸ்ட்ரோக் வண்டி மக்கர் செய்தால் சடையாண்டியிடம் கொண்டு போ என்பார்கள். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு.

கொடைரோட்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பொன்னழகு என்பவர் விளையாட்டுத் திடல் நடத்துகிறார். கொடைக்கானல் போகிறவர்கள் அங்கே இறங்கி, நாலு சக்கர ஏடிவி வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இரண்டு சுற்று விடுவார்கள். அதன் எஞ்சினைப் போன மாதம் நான்தான் பிரித்துக் கட்டிக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் அது திரும்பவும் குட்டியானை லாரியில் ஏறி என் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டது. பொன்னழகும் வந்தார். வண்டியைக் கவனித்துக்கொள்ளும் ஜெயமேரியும் கூட வந்தாள். பஞ்சாலையில் தூசி தின்று இருமி இருமி, இனிமேல் அந்தப் பக்கம் போகாதே என்று டாக்டர் சொன்ன பிறகு இந்த வேலைக்கு வந்தவள் அவள்.

ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. உள்ளே பிஸ்டன் இறுகிவிட்டது.

"பச்சப் பெட்ரோல ஊத்தி ஓட்டிருக்கீங்க" என்றேன்.

இந்த எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய் ஊற்ற இடம் கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஒரு நாள் மறந்தால் போதும், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

"இல்லண்ணே, தெனமும் நாந்தான் கலக்குறேன்" என்றாள் ஜெயமேரி. "அளந்து ஊத்தி, குலுக்கிட்டுத்தான் டேங்குல விடுவேன்."

"அப்ப எஞ்சின் பொய் சொல்லுதாக்கும்? தெறந்து பாக்கவே வேணாம் தாயி, எண்ணெய் காணாத எஞ்சின் இது. போன நோண்டிக்கிட்டே ஊத்திருப்ப, நெனப்பு எங்கிட்டு இருந்துச்சோ."

எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னழகு அவளை முறைத்துவிட்டு வண்டியை இறக்கச் சொன்னார். என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்பதில் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்.

வேலை நெருக்கடியில் செவ்வாய்க்கிழமைதான் அதைப் பிரிக்க முடிந்தது. சிலிண்டரைத் தட்டித் தட்டி மேலே தூக்கியதும் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே எண்ணெய் இருந்தது. கீழே கிராங்க் முழுக்கப் பச்சை நிறத்தில் பிசுபிசுத்தது. விரலை வைத்தால் வழுக்கியது. எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் வறண்டுபோய்ச் சுற்றிலும் உரசியிருக்கும். இதில் ஒரே ஒரு பக்கம்தான் ஆழமான கீறல், புகை வெளியே போகும் ஓட்டைக்கு நேராக. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் முனை அந்த ஓட்டையில் மாட்டி உடைந்திருக்கிறது.

பிஸ்டன் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். மாறினால் ரிங்கின் முனை புகை ஓட்டைப் பக்கம் வந்துவிடும். நாங்கள் தொழில் பழகிய பைக்குகளில் எல்லாம் சைலன்சர் எஞ்சினுக்கு முன்னால்தான் கிளம்பும். அதனால் பட்டறைகளில் 'அம்பு முன்சக்கரத்தப் பாக்கணும்' என்றே சொல்லிப் பழக்கம். இந்த ஏடிவியில் எஞ்சினைத் திருப்பி வைத்திருக்கிறார்கள், சைலன்சர் பின்னால் போகிறது. நான் கைப்பழக்கத்தில் அம்பை முன்சக்கரத்துக்குக் காட்டி மாட்டியிருக்கிறேன். அது இத்தனை நாள் ஓடியதே பெரிது.

பிஸ்டனைப் பழைய இரும்புக் கூடையில் வீசினேன். புதுசு போட்டுக் கட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பொன்னழகு போன் செய்தார்.

"எண்ணெய் ஊத்தாததுதானேண்ணே?"

"ம்" என்றேன்.

"அந்தப் பிள்ளையே ஒத்துக்கிருச்சு. மொத நா கலக்குனேன் கலக்குனேன்னு நின்னுச்சு. மறுநா வந்து, மறந்திருப்பேன் போல, மன்னிச்சுக்கங்கன்னுச்சு. இனிமே வர வேணாம்னு அனுப்பிட்டேன்."

செய்யாத தப்பை எதற்கு ஒத்துக்கொண்டாள்? மத்தியானம் சோற்றில் கை வைத்தேன், இறங்கவில்லை. கூடையில் துழாவி அந்தப் பிஸ்டனை எடுத்துப் பேப்பரில் சுற்றிக்கொண்டு அவள் ஊரான சித்தையன்கோட்டைக்கு வண்டியை விட்டேன்.

ஜெயமேரி வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். இன்னும் திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"தப்பு என்னோடது தாயி" என்றேன். "பிஸ்டனத் திருப்பி மாட்டிட்டேன். அதுல ரிங் ஒடைஞ்சு எஞ்சின் பிடிச்சிருச்சு. நீ ஊத்துன எண்ணெய் உள்ள அப்பிடியே இருக்கு."

"அப்ப நான் மறக்கலையா?"

"மறக்கல."

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க அம்புட்டு உறுதியா சொன்னீங்களேண்ணே. தெறக்காமலே சொல்றாருன்னா நெசமாத்தான் இருக்கும்னு பட்டுச்சு. வெள்ளிக்கெழம ஊத்துனோமா, வியாழக்கெழம ஊத்துனோமான்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். மூடியத் தெறந்தது ஞாபகம் இருக்கு, ஊத்துனது வரல. இப்ப அடுப்ப அணச்சிட்டு நாலு தடவ போய்ப் பாக்குறேன். வெஞ்சனத்துல உப்பு போட்டியான்னு மக கேட்டா, போட்டேன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அங்கேயே பொன்னழகுக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கிற மாதிரி வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"வேற ஆளு நேத்தே வந்துருச்சு. இனி எப்பிடிண்ணே நிப்பாட்டுறது?" என்றார். "வண்டியத் தொடாதீங்க. நான் மதுரைக்கு ஏத்திக்கிறேன்."

வைத்துவிட்டார். எனக்கு அது வேண்டும்தான்.

"என்னால ஒன் வேலை போச்சு தாயி" என்றேன்.

"வர்ற திங்கக்கெழமலருந்து பழைய பஞ்சு மில்லுக்கே வரச் சொல்லிட்டாங்க" என்றாள். கையை நீட்டிப் பிஸ்டனை வாங்கினாள். உள்பக்கம் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். விரலை விட்டு எடுத்தாள். பச்சை எண்ணெய் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள்.

"இது நான் ஊத்துனதுதானா?"

"நீ ஊத்துனதுதான்."

"நெசமாத்தான் சொல்றீங்களா, இல்ல என்னயப் பாத்துப் பாவப்பட்டுச் சொல்றீங்களாண்ணே?"

நெசம்தான் என்றேன். எண்ணெய் அவள் விரலில் இருந்தது. அவள் விரலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.