கணுக்கால் வரைக்கும் ஒரு பாவாடை

"இந்தப் பாவாடைய யாரு குடுத்தாவ?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டாள் மாடத்தி.

சங்கிலிப்பாண்டி சாயா கிளாஸை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "கடையில எடுத்தேன். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போற பிள்ள, குட்டைக் கவுனோடயா போவும்?"

மகளுக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுக்க ஓணம் வரை யோசிக்கிற மனுஷன், ஜரிகைக் கரை போட்ட பாவாடை வாங்கினானாம். கேட்கிறவள் கேனச்சி என்று நினைப்பு! மட்டாஞ்சேரி பஜாரில் அவன் மிளகு மூட்டை சுமப்பது நல்லசிவம் முதலாளியின் கிட்டங்கியில். அந்த முதலாளியின் மனைவி பாக்கியலக்ஷ்மிமேல்தான் வழக்கு. அவள் வீட்டில் வேலைக்கு நின்ற இவள் மகள் வீரலட்சுமி, ஒன்பது வயதில் பாலைப் பொங்கவிட்டாள். அதற்காகப் பிள்ளையின் கெண்டைக்காலில் பழுக்கக் காய்ச்சிய கரண்டியை இரண்டு தரம் வைத்தாள் மகராசி. மூன்று வருஷம் இழுத்து, நாளைக்குத்தான் சாட்சி. காயத்தைப் பார்த்த டாக்டர் துபாய்க்குப் போய்விட்டார். இனி அந்தத் தழும்புதான் எல்லாம்.

"உள்ளதச் சொல்லுங்க."

"மொதலாளியோட குமாஸ்தா விஸ்வேஸ்வரன் சாரு குடுத்துவிட்டாரு." அவன் குரல் இறங்கியது. "பிள்ள வயசுக்கு வந்து மூணு மாசம் ஆவுது. ஆம்பிளைய கூடுற எடத்துல பாவாடையத் தூக்கிக் காலக் காட்டுனா, நம்ம சாதியில எவன் கெட்டுவான்? நல்லதுக்குத்தான் சொல்லுதாரு."

சூடு வைத்தபோது யாருக்கும் தோன்றாத மானம் இப்போது ஜரிகையோடு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் நேற்று மெனக்கெட்டு வந்து, "பொம்பளப் பிள்ள, பாத்து" என்று சொன்னது யாருக்காக என்றும் விளங்கிவிட்டது.

"எனக்கு இதே போதும்மா," என்று வீரலட்சுமி புதுப் பாவாடையை மடியில் இழுத்துக்கொண்டாள். "எல்லாரும் பாப்பாங்க." மாடத்தி அதையே மடித்துக் காலைக்கு எடுத்துவைத்தாள்.

மறுநாள் கோர்ட்டில் பாக்கியலக்ஷ்மிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டு முழ தூரத்தில் பிள்ளை நின்றது.

"அடுப்பில் வீணதல்லே, மோளே?" என்று மலையாளத்தில் கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்; பிள்ளை தானே அடுப்பில் விழுந்ததாக அவர் கட்சி.

"அல்ல. சூடு வெச்சதாக்கும்."

"எங்கில் காணிக்கூ." அப்படியென்றால் காட்டு என்று காலைச் சுட்டினார்.

பெஞ்சில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டினார்கள். வீரலட்சுமி பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலை கவிழ்ந்தாள்.

"காணிக்கான் ஒண்ணுமில்ல, சாரே," என்று மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து வக்கீல் சிரித்தார். பின்வரிசையில் விஸ்வேஸ்வரன் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

மாடத்தி எழுந்தாள். தடுத்த சேவகனைத் தள்ளிவிட்டுக் கூண்டருகே போனாள். தோளிலிருந்த முந்தானையை உருவி, இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்து, மகளுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவே வெறும் ரவிக்கையோடு நின்றாள்.

"இப்ப காட்டு, மோளே. ஐயா மட்டும் பாக்கட்டும்."

பாவாடை மெல்ல உயர்ந்தது. மாஜிஸ்ட்ரேட் எட்டிக் குனிந்தார். அருகருகே இரண்டு வட்டம், கரண்டி அளவில்.

"வெக்கங்கெட்ட மூதி," என்றார் விஸ்வேஸ்வரன். சங்கிலிப்பாண்டி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"கோர்ட்டில் இது மரியாதையல்ல, சீலைய உடுக்கூ," என்று அதட்டினான் சேவகன்.

மாடத்தி கையை இறக்கவில்லை.

"எம்பிள்ளைக்கு நீங்க ஒரு மறைப்புக் கெட்டியிருந்தா, நான் எதுக்கு என் சீலைய உருவணும்? ஐயா எழுதி முடிக்கட்டும். அப்புறம் உடுத்துக்கிடுதேன்."