மூணுவால் சொன்ன சாட்சி

புட்டியை வெள்ளைத் தட்டில் கவிழ்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருஷமாக ஆற்றடிப் பூச்சிகளை இடுக்கியால் பொறுக்கிப் பிரிப்பவள் அவள். மாதிரி எடுத்து வருவது அவளுடைய அண்ணன் வேலை. புட்டியின் சீட்டில், 'சாயப்பட்டறை மதகுக்குக் கீழே' என்று அவனுடைய கோழிக்கிறுக்கல். தட்டில் கிடந்ததோ நாற்பது மூணுவால்கள்!

மூணுவால் என்பது ஓர் ஆற்றுப் பூச்சிக்குக் கூடத்தார் வைத்த பட்டப்பெயர். மூன்று வால், தட்டை உடம்பு, கொக்கி நகம். வேகமாக ஓடும் குளிர்ந்த நீரில் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டு பிழைக்கும். செவுளில் சேறு படிந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். மதகுக்குக் கீழே கல்லேது, ஓட்டமேது? முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு. காற்றே இல்லாத அந்தச் சேற்றில் சிவப்புப் புழுக்கள்தான் தாக்குப்பிடிக்கும்; கிடைக்கிற துளிப் பிராணவாயுவையும் அவற்றின் இரத்தம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூணுவால் இருந்தால் தண்ணீர் சுத்தம் என்பது கூடத்தின் கணக்கு. அவள் 'சுத்தம்' என்று கையெழுத்துப் போட்டால், நாளையே அந்த இடத்துத் தண்ணீரைத் தெருக்குழாய்களுக்குத் திறந்துவிடுவார்கள்.

"யாரைக் கேனச்சின்னு நினைச்சே?" புட்டியை அண்ணனின் மேசையில் நங்கென்று வைத்தாள். "மேல பாறைப் பக்கம் அள்ளிட்டு வந்து மதகுன்னு சீட்டு ஒட்டியிருக்கே!"

அண்ணன் காது குடைவதை நிறுத்தவில்லை. "பூச்சி எங்க வேணா இருக்கும். ரொம்பத் துள்ளாம கையெழுத்தைப் போடு."

"சேத்துல இது எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்? உன் தலையையா?"

"பட்டறையில என் மாப்பிள்ளைக்கு மேஸ்திரி வேலை குடுத்திருக்காங்கடி. இந்த அறிக்கை கெட்டா அவன் வெளிய. என் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போடப் போறியா?"

"ஏழு மாசக்காரி அவ. அவ வீட்டுக் குழாய்லயும் இந்தத் தண்ணிதானே வரப்போவுது?"

"அவளைக் குழாய்த் தண்ணி குடிக்காதேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்!" என்று கத்தினான் அண்ணன்.

கத்திய பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. முகம் செத்துப்போயிற்று.

"அப்போ எல்லாம் தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே," என்றாள் அவள். "பக்கத்து வீட்டுக்காரி வயித்துல இருக்கறது பிள்ளையில்லையா? சீ! உன்னை அண்ணன்னு சொல்லவே கூசுது."

அவன் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, சுவரோரம் கிடந்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மதியம் திரும்பியபோது முழங்கால்வரை கறுப்புச் சேறு, குடலைப் புரட்டும் நாற்றம். அவன் கொண்டுவந்த புட்டியைத் தட்டில் கவிழ்த்தாள். சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தன. மருந்துக்கும் ஒரு மூணுவால் இல்லை.

"உள்ளபடி எழுது," என்றான் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். "மாப்பிள்ளை வேற வேலை தேடிக்கட்டும். நம்ம வீட்டுக்கு ஆகாத தண்ணி எந்த வீட்டுக்கும் ஆகாது."

அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அறிக்கையையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"இருக்க முடியாத இடத்துல இருக்கேன்னு அந்த மூணுவாலுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியல. மனுஷன் நீ சொன்னே. இந்தத் தடவை மதகுலதான் அள்ளினேன்னு முதல்ல நீ போடு கையெழுத்தை."