படியில் ஒரு கால்

“முடிவுன்னு ஒண்ணு இருந்தாத்தானே கண்ணு, நான் பாடுறதுக்கு?”

ரூவீனா ஐசன் இதைச் சொன்னபோது ஆட்டின் மடியிலிருந்து கையை எடுக்கக்கூட இல்லை. ஊர் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தும் கிளென்னா ஃபே கவிழ்ந்து கிடந்த தீவன வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“மிஸ் ரூவீனா, விளையாடாதீங்க. சனிக்கிழமை நம்ம ஸ்டேஷன் விழாவில நீங்க அந்தப் பாட்டை முடிக்கப் போறீங்கன்னு ஒரு வாரமா காலையில ரேடியோவில சொல்லிட்டிருக்கேன். ஒஹாயோவிலேருந்தெல்லாம் ஆளுங்க கிளம்பி வர்றாங்க.”

“என்னைக் கேட்டுட்டா சொன்னே?”

“வரேன்னு சொன்னீங்களே.”

“வரேன்னுதான் சொன்னேன். முடிக்கிறேன்னா சொன்னேன்?”

டாசன் கேப் என்ற அந்த மலையூரில் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊர் வானொலிக்கு அறுபத்தைந்து வயது ஆகிறது. மெத்தையும் நாற்காலியும் விற்றுக்கொண்டிருந்த ஹாய்ட் பிரஷியர், தன் சரக்கைப் பற்றித் தானே பெருமையடித்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று கடை மாடியில் தொடங்கியது. காலையில் பன்றி விலை, சாவுச் செய்தி, காணாமல் போன நாய்கள். மற்ற நேரமெல்லாம் நாட்டுப்புறக் கன்ட்ரி பாட்டு. பொழுது இருக்கும்வரைதான் ஒலிபரப்ப அனுமதி. இருட்டினால் அலைகள் வெகுதூரம் ஓடிப்போய்ப் பெருநகர நிலையங்களின் மேல் விழும் என்று அரசாங்கம் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நேரம் குறித்துக் கொடுத்திருந்தது. டிசம்பருக்கு மாலை ஐந்தேகால். பிரசங்கத்தில் போதகர் சொர்க்கத்தின் வாசல்வரை போயிருந்தாலும் சரி, ஐந்தேகாலுக்கு ஸ்விட்சை இறக்கியாக வேண்டும்.

அறுபது வருடத்துக்கு முந்தைய டிசம்பரில், ஒரு சனிக்கிழமை, ஐசன் சகோதரிகள் மூவரும் மாடிக்கு வந்து தாங்களே கட்டிய பாட்டை நேரடியாகப் பாடினார்கள். பாட்டில் ஒரு பெண் பெட்டியோடு ரயிலடியில் நிற்கிறாள். வடக்கே வேலைக்குப் போன காதலன் வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறான். மலைமேல் வீட்டில் அம்மா தனியாக. மூன்றாவது சரணத்தில் வண்டி வந்து நிற்கிறது, அவள் படியில் ஒரு காலை எடுத்து வைக்கிறாள். அங்கேதான், மணி ஐந்தேகால் ஆக, ஒலிபரப்புப் பலகையில் இருந்த ஆர்வில் கோம்ஸ் ஸ்விட்சை இறக்கினார்.

அதோடு ஊர் இரண்டாகப் பிரிந்தது. சுரங்கம் மூடியதும் வடக்கே ஒஹாயோ தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள் அவள் ஏறிவிட்டாள் என்றார்கள். இங்கேயே கிடந்தவர்கள், காலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள் என்றார்கள். இந்தத் தகராறில் ஒரு கல்யாணமே ஒரு மாதம் தள்ளிப்போனதாகக் கேள்வி. சகோதரிகளோ வாயே திறக்கவில்லை. மூத்தவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது மிச்சம் ரூவீனா ஒருத்தி.

“மூணு சரணம்தான் எழுதியிருந்தோம்,” என்றாள் ரூவீனா. “நாலாவதை வர்ற வழியில பார்த்துக்கலாம்னா பெரியவ. வழிபூரா அவளும் நடுவளும் அடிச்சுக்கிட்டாங்க, ஏத்தணும், ஏத்தக்கூடாதுன்னு. பாட்டு பாட்டுக்கு ஓடுது, நாலாவது சரணமோ இன்னும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஆர்வில் புண்ணியம் கட்டிக்கிட்டான்.”

“அப்போ அறுபது வருஷமா அவர்கூடப் பேசாம இருக்கீங்களே, அது?”

“கோபப்படலேன்னா சந்தேகம் வந்துடுமில்ல.”

கிளென்னாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த ஊர் அவளை எதற்காக நம்புகிறது? அவள் சொல்லும் பன்றி விலை பன்றி விலையாகவே இருப்பதால். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் வானிலை சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலை அடுக்களை மேஜையில் உட்கார்ந்து நாலாவது சரணத்தைத் தானே எழுதினாள். எடுத்துக்கொண்டு ஓடினாள். ரூவீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ரேடியோ விளம்பரம் மாதிரி. கடைசியில மெத்தை விலை எவ்வளவுன்னு போடலியே.”

“மிஸ் ரூவீனா!”

“கோவிச்சுக்காதே கண்ணு. பொய் முடிவைப் பாடினா அக்காமாரு ரெண்டு பேரும் எழுந்து வந்துடுவாங்க. நான் வரேன், பாடுறேன். அப்புறம் என்ன ஆகுதோ ஆகட்டும்.”

சனிக்கிழமை, நிலையத்துக்கு வெளியே கார்கள் நிறுத்தும் இடம் முழுக்க ஜனம். அவரைக்காய் சூப்பும் சோள ரொட்டியும் அண்டா அண்டாவாக வந்திறங்கின. உலர்ந்த ஆப்பிள் வைத்து அடுக்கிய கேக்கில் யார் எத்தனை அடுக்கு போட்டார்கள் என்று பெண்கள் எண்ணிக்கொண்டார்கள். ஃபிடில்காரர்கள் நான்கு பேர் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு வாசித்தார்கள். எண்பத்து நான்கு வயது ஆர்வில், இன்றைக்கு ஒலிபரப்புப் பலகையில் தான்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்தார்.

ரூவீனா மைக்கின் முன்னால் நின்றாள். குரலில் கொஞ்சம் சரளைக்கல் கரகரப்பு இருந்தது, ஆனால் சுருதி அசையவில்லை. பெட்டி வந்தது, கடிதம் வந்தது, அம்மாவின் விளக்கு மலைமேல் தெரிந்தது. சூப்புக் கிண்ணங்கள் அப்படியே கைகளில் நின்றன. வண்டி வந்தது. ஒரு கால் படியில் ஏறியது.

பாட்டு நின்றது.

வானொலியில் மௌனம் என்பது கொள்ளிவாய்ப் பிசாசு. கிளென்னா மனசுக்குள் எண்ணினாள். ஏழு நொடி. எட்டு. அவள் மைக்கைப் பிடுங்கப் போன வேளையில் ரூவீனா சொன்னாள்:

“இதுக்கு மேல கிடையாது. அன்னைக்கும் கிடையாது. கிளென்னா மேல தப்பில்ல, அவளுக்குத் தெரியாது. ஆர்வில், நீ அன்னைக்குப் பாட்டை வெட்டலே. எங்க மூணு பேர் மானத்தைக் காப்பாத்தினே.”

ஆர்வில் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினார். “அப்போ சர்ச்சுல ஞாயித்துக்கு ஞாயிறு என்னை முறைச்சது?”

“பழக்கமாயிடுச்சு.”

முதலில் சிரித்தது ஆர்வில்தான். தொப்பி கழன்று விழுகிறவரை சிரித்தார். பிறகு ஒஹாயோக்காரர்கள், பிறகு ஊர்க்காரர்கள், கடைசியில் யார் எந்தக் கட்சி என்றே தெரியாமல் எல்லோரும். கிளென்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியைப் பார்த்தாள். அழைப்பு விளக்குகள் ஆறும் ஒன்றாக மின்னிக்கொண்டிருந்தன.

ரூவீனா மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

“வீட்டில கேட்டுட்டிருக்கிறவங்களுக்கும்தான் சொல்றேன். பாவம் அந்தப் பொண்ணு, அறுபது வருஷமா ஒத்தைக் கால்ல நிக்கிறா. உங்கள்ல யாராவது ஒருத்தர், நாலே நாலு வரி, பாடி அவளை ஏத்திவிடுங்க, இல்லே இறக்கிவிடுங்க.”