பீரோவுக்கு வந்து சேர்ந்த முப்பத்தொன்பது நிமிடம்

அந்தத் தேர்தல் வருடத்தில் ஒருவர் சாமி மேல் வைத்த நம்பிக்கை அறுபது டாலருக்குப் போனது, அதுவும் கோபத்தோடு இருந்தால். கோபமில்லாத நம்பிக்கையை எவரும் விலைக்குக் கேட்கவில்லை. தொகை பக்தருக்குப் போகாது. வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்து, பேச்சை மொழிபெயர்த்து, காரும் அமர்த்தித் தருபவனுக்குப் போகும். அவனைத் தெருவில் துபாஷி என்பார்கள். இந்துக்களும் அரசியலும் என்று படமெடுக்க வந்த தயாரிப்பாளர் அம்மாளுக்கு மாலை விமானம். துபாஷி சொல்லி வைத்திருந்த மூன்று கோபக்காரர்களும் காசு கூடுதலாகக் கிடைத்த கட்சி ஊர்வலத்துக்குப் போய்விட்டார்கள். வந்த கிராக்கியை விட மனமில்லாமல் அவன் தன் சொந்த அக்காவைக் கொண்டுபோய்க் கேமரா முன்னால் உட்கார வைத்தான்.

அக்கா தையல்கடைக்காரி. கடையில் பாதி அவளுடையது, பாதி வேறு மதத்தைச் சேர்ந்த கூட்டாளியுடையது. இருபத்திரண்டு வருடமாக ஒரே மேசையில் அக்கா துணி வெட்டுவாள், கூட்டாளி தைப்பாள். அக்கா சரியாக நாற்பது நிமிடம் பேசினாள். முட்டிவலிக்காகச் சாமியோடு போட்ட சண்டை, கோயில் வாசலில் கொடி கட்டியவர்கள், காலைப் பூஜையை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் ஓட்டுக் கேட்டவர்கள், எல்லாவற்றையும் பிடிபிடியென்று பிடித்தாள். ஒளிபரப்பானது ஒன்பது நொடி. "எங்க சாமி சும்மா விடாது, பாத்துக்கிட்டே இருங்க." அதற்கு முன் வாள் ஏந்திய ஊர்வலம், அதற்குப் பின் எரியும் டயர், இரண்டும் வேறு ஊரில் எடுத்தவை. கீழே ஓடிய எழுத்து, மற்ற மதத்தாருக்கு அவள் விடுத்த மிரட்டல் என்றது.

மறுநாள் காலையிலிருந்து அக்கா வாயைத் திறந்தால் அந்த ஒன்பது நொடி மட்டுமே வந்தது. எழுதிக் காட்டச் சொன்னால் பேனாவும் அதையே எழுதியது. மருத்துவர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பழுதொன்றுமில்லை என்று சொல்லிக் கட்டணத்தை வாங்கிக்கொண்டார். மீதிப் பேச்சு, முப்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொரு நொடி, துபாஷி வீட்டு இரும்புப் பீரோவுக்கு வந்து சேர்ந்திருந்தது. புடவை மடிப்புகளுக்கு நடுவிலிருந்து அக்காவின் குரல் முட்டிவலியில் தொடங்கும். முடிந்ததும் மறுபடி முட்டிவலி. துபாஷி கதவிடுக்கில் பஞ்சு அடைத்தான், பீரோவைச் சுவர்ப்பக்கம் திருப்பினான், கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து தீர்த்தான். "கல்யாணமான புதுசுலகூட உங்க அக்கா இங்க இவ்வளவு நேரம் இருந்ததில்ல," என்று சொல்லிவிட்டு மனைவி தன் புடவைகளைப் பெட்டிக்கு மாற்றினாள்.

கட்சிக்காரர்கள் பொன்னாடையோடு கடைக்கு வந்தார்கள். அக்கா அவர்கள் முகத்துக்கு நேரே, எங்க சாமி சும்மா விடாது என்றாள். அந்த வாக்கியம் அன்றுதான் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்ட கூட்டாளி சாயங்காலமே தன் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். தடுக்க ஓடிவந்த துபாஷியிடம், "என்னைத்தான் சொன்னியான்னு ரெண்டு தடவை கேட்டேன் தம்பி. ரெண்டு தடவையும் அதையேதான் சொல்றா," என்றாள். அதன்பின் அக்கா வெட்டிய துணிகள் தைக்க ஆளில்லாமல் மேசையில் முழங்கை உயரத்துக்கு ஏறின. கொடுத்தவர்கள் வந்து கைவேறு முதுகுவேறாகத் திரும்ப வாங்கிப் போனார்கள். துபாஷி தொலைக்காட்சிக்கு எழுதிய கடிதத்துக்கு நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அடுத்த தேர்தலுக்கும் இதேபோல ஆள் கிடைக்குமா என்று விசாரித்திருந்தார்கள்.

கடைசியில் அவன் பீரோவையே வண்டியில் ஏற்றிக் கூட்டாளி வீட்டு வாசலில் இறக்கினான். "இதையும் கேட்டுடுங்கக்கா. அப்புறம் உங்க இஷ்டம்." அவள் வேலையை நிறுத்தவில்லை, தைத்துக்கொண்டே கேட்டாள். முட்டிவலி முடிந்தது. "அவ காஜா எடுக்கலைன்னா என் சட்டையெல்லாம் வெறும் போர்வை," என்றது பீரோ. "கொடி கட்டின பசங்க அவளப் பத்தி என்கிட்டயே வந்து வாய் விட்டானுங்க. கத்திரிக்கோல எடுத்தேன், ஓடிட்டானுங்க." தையல் கொஞ்சம் கோணியது. அடுத்து ஒலிபெருக்கிக்காரர்கள் வசவு வாங்கினார்கள். பிறகு, வெட்டி எடுத்த இடத்தில், ஒன்பது நொடி ஒன்றுமே இல்லை. பிறகு தயாரிப்பாளரின் குரல் தன் மொழியில் கேட்டது: யாரைச் சொல்கிறார்? ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ கைக்கடிகாரத்தைத் திருப்பிய சங்கிலிச் சத்தம். மூன்று நொடி. சரி, அடுத்த கேள்வி என்றார் தயாரிப்பாளர்.

கூட்டாளி மெஷினை நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் படித்த அளவுக்கு அந்த மொழி அவளுக்கும் தெரியும்.

"கேட்டிருக்காங்களே தம்பி. நீ ஏன் சொல்லல?"

"விமானத்துக்கு நேரமாச்சுக்கா."

அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஊசியில் நூல் கோத்தாள். "நாளைக்குக் கடைக்கு வரேன். பீரோவ அங்க இறக்கிடு. நீ நிக்காத, போயிடு."

ஆறு வருடமாகப் பீரோ கடையில்தான் இருக்கிறது. அக்கா வெட்டுகிறாள், கூட்டாளி தைக்கிறாள், பீரோ பேசுகிறது. புதிதாக வருபவர்கள் பீரோவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அளவு கொடுக்கிறார்கள். கூலியில் ரொம்பப் பேரம் பேசுபவர்களுக்கு அக்கா தன் ஒன்பது நொடியைச் சொல்வாள். வாயை மூடிக்கொண்டு கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள். துபாஷி எதிர்ச்சாரியில் நடந்து போகிறான், கணக்குப் பார்த்தபடி. பேசியது நாற்பது நிமிடம். உலகத்துக்குப் போனது ஒன்பது நொடி. பீரோவில் அக்காவின் பேரில் முப்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தெட்டு நொடி. மீதி மூன்று நொடி அவன் பேரில் நிற்கிறது.