பித்தளைக் குடத்துத் தண்ணீர்

"சாருக்கு எந்தத் தண்ணிடி குடுத்த?"

"குடிக்கிற தண்ணிதாங்க்கா."

"எந்தக் குடத்துலேர்ந்து?"

கொளஞ்சியம்மாள் டம்ளரை முந்தானையால் துடைத்தாள். துடைத்த டம்ளரையே மறுபடியும் துடைத்தாள்.

"கேக்குறேன்ல?"

"பித்தளைக் குடம்."

மங்கம்மா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதிகாரியின் ஜீப் அப்போதுதான் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போயிருந்தது.

கிள்ளைக்குக் கிழக்கே நாற்பது வீடு உள்ள குப்பம் அது. மேற்கே எட்டு ஏக்கரில் இறால் பண்ணை. சுனாமிக்கு மறு வருஷம் யாரோ புண்ணியவான்கள் கைப்பம்பு போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் அதில் நல்ல தண்ணீர்தான் வந்தது. பண்ணைக்காரர்கள் கழிவுநீர் வாய்க்காலைப் பம்புக்குப் பின்பக்கமாகத் திருப்பிவிட்ட பிறகு கரிக்க ஆரம்பித்தது. அந்தத் தண்ணீர் இப்போது பாத்திரம் கழுவத்தான். குடிப்பதற்குக் கிள்ளையிலிருந்து ஆட்டோவில் குடம் குடமாக வருகிறது. அது பித்தளைக் குடத்தில் இருக்கும். பம்புத் தண்ணீர் பிளாஸ்டிக் குடத்தில்.

பண்ணையின் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். இந்த 2011 ஆனி மாதத்தோடு பழைய பதிவு முடிகிறது. புதுப்பித்துவிட்டால் இன்னும் ஐந்து வருஷத்துக்கு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மங்கம்மா ஒன்பது மனு போட்டதற்குப் பலனாக மீன்வளத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சுப்பிரமணியன் என்று பெயர். அவரோடு வந்த ஊழியர்களுக்கு மங்கம்மா வாய்க்காலைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் வெயில் தாங்காமல் கொளஞ்சியம்மாள் வீட்டுப் பூவரச நிழலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார்.

"நீங்க குடிக்கிறது இதானாம்மான்னு கேட்டாரு. ஆமா சார்னேன். பொய்யா சொன்னேன்?"

"கரிக்குதுன்னு பாக்க வந்த மனுஷன்டி அவரு."

"அதுக்காக வீட்டுக்கு வந்தவங்களுக்கு பாத்திரம் கழுவுற தண்ணியவா குடுப்பாங்க? நீ குடுப்பியாக்கா?"

மங்கம்மா எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். அவளும் கொடுக்க மாட்டாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பண்ணை மேனேஜர் கண்ணாயிரம் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகவே வந்தான்.

"என்னா மங்கம்மாக்கா, சாரே குடிச்சுப் பாத்துட்டாராமே. இளநி மாதிரி இருக்குன்னாரு."

"போடா, வந்துட்டான்."

மறுநாள் காலை மங்கம்மா மகள் இசைவாணியோடு சிதம்பரம் பஸ் ஏறினாள். இசைவாணி கெமிஸ்ட்ரி படித்தவள். கடலூரில் இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில், சோதனைச் சாலையில் வேலை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

சுப்பிரமணியன் ஆபீஸ் மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தார். அடையாளம் தெரிந்து எழுந்திருக்கப் பார்த்து, பாதியில் உட்கார்ந்தார்.

"ரிப்போர்ட் எழுதியாச்சும்மா. 'குடிநீர் சுவைத்துப் பார்க்கப்பட்டது. நன்று.' வெள்ளிக்கிழமை கடலூருக்குப் போவுது."

"அது ஆட்டோல வந்த தண்ணி சார். குடம் மூணு ரூவா."

"அந்தம்மா அப்பிடிச் சொல்லலையே."

"அவ சொல்ல மாட்டா. மரியாதக்காரி."

அவர் பேனாவை மூடினார். "சுனாமிக்கு அப்புறம் கடலோரம் பூரா உப்புதாம்மா."

"சுனாமிக்கு அப்புறம் போட்ட பம்பு சார் அது. கல்லுல தேதி வெட்டியிருக்கு. மூணு வருசம் அதத்தான் குடிச்சோம். சுனாமி என்ன மூணு வருசம் கழிச்சு ஞாபகம் வந்து உப்பு போட்டுட்டுப் போச்சா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். சுப்பிரமணியன் சிரிக்கவில்லை.

"எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா. இந்த வருசம் இத்தன டன் எறா வெளிநாட்டுக்குப் போவணும்னு டெல்லிலேர்ந்து கணக்கு வருது. அந்நியச் செலாவணி. பண்ணைய நிறுத்துனா என்னத்தான் கேப்பாங்க."

"தண்ணி கெட்டா யார கேப்பாங்க?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

"அங்க போனேன். பண்ணை விஷயம்னா இங்க போன்னாங்க."

இதுவரை சும்மா இருந்த இசைவாணி வாயைத் திறந்தாள். "சார், நாங்க எறாவுக்கு பதினாலு டெஸ்ட் பண்றோம். மருந்து ஒரு துளி கூட இருந்துதுன்னா கன்டெய்னரோட திருப்பி அனுப்பிடுவான் வெள்ளக்காரன். அதுக்கு பயந்து எறா வளர்ற தண்ணியையும் டெஸ்ட் பண்றோம். அதே தண்ணிய வாய்க்கால்ல தொறந்து உட்ட பெறகு ஒருத்தனும் டெஸ்ட் கேக்குறதில்ல. வாங்குறவனும் கேக்கல, விக்கிற நாடும் கேக்கல."

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"கட்டம் இல்லன்னா தாகமும் இருக்காதா சார்?" என்றாள் மங்கம்மா.

அவர் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "நாளைக்குப் பரங்கிப்பேட்டை போற வேல இருக்கு. திரும்பும்போது வர்றேன். பத்து நிமிசம். பம்புத் தண்ணியையே குடுங்க" என்றார்.

ஊருக்கு வந்ததும் மங்கம்மா நேராகக் கொளஞ்சியம்மாளிடம் போனாள்.

"நாளைக்கு சார் உன் வீட்டுலதான் உக்காருவாரு. பிளாஸ்டிக் கொடத்துத் தண்ணி. வேற எதுவும் குடுத்த, நீயும் நானும் ஓரகத்தியே இல்ல. சொல்லிட்டேன்."

"சரிங்க்கா."

"என்னா குடுப்ப?"

"பிளாஸ்டிக் கொடத்துத் தண்ணிதான். எத்தன தடவ சொல்லுவ?"

சுப்பிரமணியன் சொன்னபடி வந்தார். பூவரச நிழலில் நாற்காலி போட்டார்கள். மங்கம்மா பக்கத்தில் காவல் நிற்பது போல நின்றாள். கொளஞ்சியம்மாள் உள்ளேயிருந்து செம்பை எடுத்து வந்தாள். வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. மேலே கொத்தமல்லித் தழை.

மோர்.

மங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூணு வருஷ அலைச்சல், ஒன்பது மனு, மகளின் ஒரு நாள் லீவு. எல்லாவற்றின் மேலும் கொத்தமல்லி தூவி எடுத்து வந்திருக்கிறாள்.

"கொளஞ்சி."

"வெறுந்தண்ணியா எப்பிடிக்கா நீட்டுறது? வெயில்ல வந்திருக்காரு. தயிர் பாக்கெட்டு வாங்கியாந்தேன்."

சுப்பிரமணியன் அதற்குள் பாதிச் செம்பைக் காலி செய்திருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கும்மா. உப்பு மட்டும் ஒரு கை ஜாஸ்தி."

"உப்பா?" கொளஞ்சியம்மாள் முகம் சுருங்கியது. சமையலைக் குறை சொன்னால் அவளுக்கு ஆகாது. "நான் உப்பே போடலையே சார்."

"போடாம எப்பிடி கரிக்கும்?"

"பிளாஸ்டிக் கொடத்துத் தண்ணிய ஊத்திக் கலக்குனேன். அக்காதான் அதத்தான் குடுக்கணும்னுச்சு. அதுல உப்பு வேற எவளாச்சும் போடுவாளா?"

சுப்பிரமணியன் செம்புக்குள் பார்த்தார். இன்னொரு வாய் எடுத்து, விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, துப்பினார். எழுந்து பம்படிக்குப் போய் அவரே அடித்து உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். மங்கம்மா பின்னால் போகவில்லை. அவர் முகம் கோணியது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

திரும்பி வந்து பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். 'நன்று' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். புதிதாக எழுத இடம் தேடினார், கிடைக்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார்.

"படிங்க சார்."

"கைப்பம்புத் தண்ணீர் குடிக்கத் தகுதியற்றது. பண்ணையின் கழிவுநீர் வாய்க்காலைப் பரிசோதிக்கும் வரை பதிவைப் புதுப்பிக்கக் கூடாது." நிமிர்ந்தார். "பின்பக்கத்த மேல எவன் திருப்பிப் பாப்பானோ தெரியலம்மா."

"முன்பக்கம் ஓரத்துல 'பின்பக்கம் பார்க்க'ன்னு எழுதுங்க. கொட்ட எழுத்துல. ஒரு ஜெராக்ஸ் எனக்கு வேணும். திங்கக்கிழம மனு நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல நானே திருப்பிக் காட்டுறேன்."

அவர் எழுதினார். கொளஞ்சியம்மாள் அதற்குள் உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தோடு வந்திருந்தாள்.

"வாயெல்லாம் உப்பா இருக்கும் சாருக்கு. இப்பவாச்சும் நல்ல தண்ணி குடிச்சிட்டுப் போவட்டும்."

மங்கம்மா குடத்தின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"இருடி. கையெழுத்து போடட்டும் மொதல்ல."