வாபஸ் வந்த வால்வு

பதினேழு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனைவியின் நம்பிக்கைக்கு விலை நூற்றெண்பது ரூபாய். ஃப்ளஷ் டேங்கில் தண்ணீரை நிறுத்தும் புது வால்வு ஒன்றின் கொள்முதல் விலை அது. கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜெயவேலுவுக்கு அதைச் செலவழிக்க மனசு வரவில்லை. வாடிக்கையாளர் திருப்பித் தந்த வால்வைத் துடைத்து, பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, வீட்டு டாய்லெட்டில் தானே மாட்டினார்.

"புதுசுதானே?" என்று கேட்டாள் சந்திரிகா.

"கடைக்காரன் வீட்ல பழசையா மாட்டுவான்?"

இப்படி வந்ததில் அது மூன்றாவது. முதலாவது ஒன்பது நாள் தாங்கியது, அடுத்தது நாலு நாள். மூன்றாவது மறுநாளே சீற ஆரம்பித்துவிட்டது. இன்றோடு நாலு நாள் ஆகிறது. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தவருக்குச் சோற்றில் கை போகவில்லை. எழுந்து போய் மிதவையைத் தட்டினார். நின்றது. வந்து உட்கார்ந்தார். ஸ்ஸ்ஸ்... மறுபடி எழுந்து ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டினார். அப்பளத்தை நொறுக்குவதற்குள் மறுபடி ஸ்ஸ்ஸ்.

"சாப்பிடறீங்களா, வாக்கிங் போறீங்களா?"

"புதுசு கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும். தானா செட்டாயிடும்."

சொல்லி வாய் மூடவில்லை, சத்தம் நின்றது. ஜெயவேலு நிம்மதியாக ஒரு கவளம் உருட்டினார்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "குழாய்ல காத்துதான் வருது! சம்ப்பும் காலி. ஒரு லாரித் தண்ணி, நாலே நாள்ல எங்கங்க போச்சு?"

கேட்டுக்கொண்டே டாய்லெட்டுக்கு நடந்தாள். அவர் எச்சில் கையோடு ஓடினார். "நீ கை வைக்காத, நான் பாக்கறேன்."

"மூடியத் தூக்க லைசென்ஸ் வேணுமா?"

தூக்கிவிட்டாள். தண்ணீர் வற்றிய டேங்கில் மிதவை தொங்கியது. அதன் அடிப்பக்கம் மார்க்கர் எழுத்து: மெர்வின், 14.2. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கணக்கு வாத்தியார் அவர். வாங்குகிற சாமான் எதுவானாலும் பெயரும் தேதியும் எழுதாமல் விடமாட்டார். ஜெயவேலு மேலே துடைத்தாரே தவிர அடியில் பார்க்கவில்லை.

"மெர்வின் சார் நம்ம டாய்லெட்டுக்கு எப்ப குடி வந்தாரு?"

"செக் பண்ணிட்டுத்தான்..."

"மொதல்ல போட்ட ரெண்டும்?"

ஜெயவேலு மூடியை வாங்கி டேங்கை மூடப் பார்த்தார். அவள் கத்தவில்லை. பர்ஸை எடுத்துச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்க போற? வா, கடையைத் திறந்து பெட்டி பிரிக்காததா எடுத்துத் தரேன்."

"உங்க சரக்கு எனக்கு வேணாம்."

ஜெயவேலுவுக்கு எதிரே போட்டி ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கஸ்தூரிரங்கன் மத்தியானமும் சாத்தாத ஆள். கவுண்டரில் நாலு பேர் நின்றார்கள். தன் கடை ஷட்டர் முன்னால் சாவியைக் கையில் பிடித்தபடி ஜெயவேலு நின்றார்.

"அண்ணி, உங்களுக்குப் போய்... அம்பது ரூபா குறைச்சுக்கறேன்" என்றார் கஸ்தூரிரங்கன்.

கொத்தமல்லிக் கட்டுக்கே அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள் சந்திரிகா. "குறைக்காதீங்க. முழு விலைக்குப் பில் போடுங்க. பில்லுல அவரு பேரையே எழுதுங்க."

எதிர்க்கடை பிளம்பரே வந்து மாட்டினார். சாயங்காலம் ஜெயவேலு மல்லிகைப்பூ வாங்கிவந்து நீட்டினார். அவள் வாங்கி, முகர்ந்து, ஒரு மொட்டைக் கிள்ளிப் பார்த்தாள்.

"இன்னிக்குக் கட்டினதா?"

அவர் மனசுக்குள் பேரேடு விரிந்தது. வால்வு நானூற்று இருபது, கூலி முந்நூறு, மறுபடி ஒரு லாரித் தண்ணீர் ஆயிரத்தைந்நூறு, பூ எண்பது. மூன்று வால்வில் மிச்சம் பிடித்த ஐந்நூற்று நாற்பதைக் கழித்தால், நஷ்டம் ஆயிரத்து எழுநூற்று அறுபது. சந்திரிகாவுக்குத் தரவேண்டியதில் இன்னும் ஒரு பைசா அடையவில்லை.